அளவு ஒத்துவராதபோது: மைக்ரோமீட்டர், காலிப்பர், டயல் கேஜ் பிழைகளை அறிகுறி கொண்டு கண்டறியும் வழிமுறை

பட்டறையில் ஓர் அளவு ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் முதலில் நடப்பது சீரோவை, அதாவது கருவியின் தொடக்கப் புள்ளியைத் திருப்பி வைப்பதுதான். ஆனால் சீரோவைத் திருத்துவது ஒரே ஒரு வகைப் பிழைக்கு மட்டுமே பொருந்தும்: கருவியின் வீச்சு முழுவதிலும் ஒரே அளவில், ஒரே திசையில் இருக்கும் விலகலுக்கு. தேய்மானம், அழுக்கு, வெப்பம், சாய்வு, தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருந்தால், சீரோவைத் திருப்பியவுடன் அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கருவி சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஜாப் (மெஷினில் செய்து அளக்கப்படும் உறுப்பு) மட்டும் தொடர்ந்து தவறும். ஆகவே காரணம் உறுதியாகும் வரை எந்தத் திருகையும் தொடக்கூடாது என்ற ஒரே ஒழுங்கை இந்த வழிமுறை முழுவதும் பின்பற்றுகிறது. 0.01 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெளிப்புற மைக்ரோமீட்டர், வெர்னியர் மற்றும் டிஜிட்டல் காலிப்பர், டயல் கேஜ் (சிறு நகர்வை முள்ளால் காட்டுவது), போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளப்பது) ஆகியவையே இங்கு எடுத்துக்கொண்ட கருவிகள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

அளக்கும் முகங்களைத் துடைக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் ஆன்விலுக்கும் (நிலையான முகம்) ஸ்பிண்டிலுக்கும் (திருகினால் நகரும் தண்டு) நடுவே சுத்தமான, தூசு உதிராத ஒரு காகிதத்தை மென்மையாகப் பிடித்து, இழுத்து எடுத்தால் முகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலமும் நுண்ணிய துகளும் போய்விடும். ஜாப்பின் விளிம்பில் பர் (வெட்டியதால் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பிசிறு) இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். மேக்னடிக் சக்கில் கிரைண்டிங் செய்த ஜாப்பாக இருந்தால் அதில் காந்தம் எஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காந்தமேறிய ஜாப் எத்தனை முறை துடைத்தாலும் இரும்புத்தூளை மீண்டும் இழுத்துக்கொள்ளும், அதை டீமேக்னடைசரில் காட்டிய பிறகே அளக்கலாம்.

அடுத்து, சீரோ என்ன காட்டுகிறது என்பதைத் திருத்தாமல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஜாப்பில் ஓர் இடத்தைப் பேனாவால் குறித்து, அதே இடத்தை ஐந்து முறை அளக்க வேண்டும். ஐந்து அளவுகளும் சிதறினால் கருவியின் தளர்ச்சி, அழுத்தம், பிடிக்கும் முறை ஆகியவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். ஐந்தும் ஒன்றாக வந்து, ஆனால் தவறாக இருந்தால், நன்கு வேறுபட்ட இரண்டு ஸ்லிப் கேஜ்களை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டைகளை) அளந்து, விலகல் இரண்டிலும் ஒன்றா வேறா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே விலகல் என்றால் அது சுழிப்பிழை. விலகல் மாறினால் அது தேய்மானமாகவோ வெப்பமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சில நிமிடங்களே எடுக்கும் இந்தப் பிரிப்பைத் தவிர்ப்பதால்தான் பல நல்ல கருவிகள் தவறாகப் பிரிக்கப்பட்டுப் பாழாகின்றன.

அறிகுறி: சீரோ சரியாக இருக்கிறது, ஆனால் ஜாப்பின் அளவு தவறுகிறது

மைக்ரோமீட்டரில் மிகவும் ஏமாற்றும் அறிகுறி இதுதான். ஒரே உறுப்பைத் தொடர்ந்து செய்யும் இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவின் அருகிலேயே வேலை செய்கிறது. 12 மி.மீ. பின் (சிறு உருளைத் தண்டு) அளப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட கருவியில், ஸ்பிண்டிலின் மரை அந்தப் பகுதியில்தான் தேயும். 0-விலும் 25-லும் அது புதிதுபோலவே இருக்கும். சீரோவை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தேய்மானம் ஒருபோதும் தெரியாது.

இதைச் சோதிக்க 0–25 மி.மீ. மைக்ரோமீட்டருக்கு 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 மி.மீ. என்ற ஸ்லிப் கேஜ் வரிசை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. எண்கள் இப்படி ஒழுங்கற்றுத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மரையின் புரியிடைத் தூரம் 0.5 மி.மீ. என்பதால், முழு மில்லிமீட்டர் கேஜ்களை மட்டும் வைத்துச் சோதித்தால் திம்பிள் (கோடுகள் பொறித்த சுழலும் உருளை) ஒவ்வொரு முறையும் 0 கோட்டிலேயே நிற்கும்; ஒரு சுற்றுக்குள் எழும் பிழை வெளிப்படாது. மேற்சொன்ன வரிசையிலோ திம்பிள் 0, 10, 20, 30, 40 என்று வெவ்வேறு கோணங்களில் நிற்கிறது. பத்து விலகல்களையும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்தால் பிழையின் வடிவம் தெரிந்துவிடும். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ இருந்தால் சீரோவைத் திருத்தினால் போதும். விலகல் சீராக ஏறிக்கொண்டே போனால் மரையின் புரியிடையிலேயே குறை இருக்கலாம், அல்லது கருவியும் கேஜும் ஒரே வெப்பநிலையில் இல்லாமல் இருக்கலாம். நடுவில் மட்டும் மேடோ பள்ளமோ தெரிந்தால் அது மரைத் தேய்மானம். திம்பிள் ஒரே கோணத்தில் நிற்கும் புள்ளிகளெல்லாம், அதாவது 2.5, 15.0, 25.0 ஆகியவை ஒன்றாகவும், 5.1-உம் 17.6-உம் ஒன்றாகவும் சேர்ந்து விலகினால், ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும் பிழை இருக்கிறது என்று பொருள். ஸ்பிண்டில் வளைந்திருப்பது இதற்கு ஒரு காரணம். கருவி கீழே விழுந்ததுண்டா என்று விசாரிக்க வேண்டிய இடம் இது.

மரை நடுவில் தேய்ந்த மைக்ரோமீட்டரை எந்தச் சரிசெய்தலாலும் மீட்க முடியாது. விலகலைக் குறித்து வைத்துக்கொண்டு கழித்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில் அந்தக் கழித்தல் ஒருநாள் விட்டுப்போகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பத்துக் கேஜ்களும் சரியாக வந்த பிறகும் உருண்டையான ஜாப்பில் மட்டும் அளவு தவறுவதுண்டு. அப்போது ஆன்வில் முகங்களைப் பார்க்க வேண்டும். கம்பி, பின் போன்ற உருளைகளை முகத்தின் நடுவிலேயே வைத்து அளந்து அளந்து, அந்த இடம் சிறு பள்ளமாகத் தேய்ந்திருக்கலாம். ஸ்லிப் கேஜ் தட்டையானது. அது பள்ளத்தைச் சுற்றியுள்ள விளிம்பில் உட்கார்ந்து சரியான அளவைக் காட்டும். சீரோ வைக்கும்போதும் விளிம்போடு விளிம்பு தொடுவதால் சீரோவும் சரியாகவே இருக்கும். உருளை மட்டும் பள்ளத்துக்குள் இறங்குவதால் உள்ளதைவிடக் குறைவான விட்டத்தைக் காட்டும். அதாவது பெருத்த ஜாப் சரியானதாகத் தேறிவிடும். நல்ல ஸ்டீல் பந்து ஒன்றை முகத்தின் நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றி அளந்தால் இந்த வேறுபாடு பிடிபடும். ஆப்டிகல் ஃப்ளாட் (மிகத் தட்டையான கண்ணாடித் தட்டு) கிடைக்குமானால் ஒற்றை நிற ஒளியின் கீழ் அதை முகத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம்: நேரான, சம இடைவெளிக் கோடுகள் தட்டையான முகத்தையும், வளையங்கள் குழிவையோ குவிவையோ காட்டும், ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) உயர வேறுபாட்டுக்குச் சமம்.

அறிகுறி: விலகல் மிகச் சரியாக 0.50 மி.மீ. அல்லது 1.00 மி.மீ.

தேய்மானமோ வெப்பமோ இவ்வளவு முழு எண்ணாகப் பிழை தருவதில்லை. இது வாசிப்புப் பிழை என்றே தொடங்கலாம். மைக்ரோமீட்டரில் ஸ்லீவின் (திம்பிளுக்கு உள்ளே சுழலாமல் நிற்கும் அளவுகோல் குழலின்) அரை மில்லிமீட்டர் கோடு திம்பிளின் விளிம்பில் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருக்கும்போது அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் தவறு நேர்கிறது. திம்பிள் 45-ஐத் தாண்டி 0-வை நெருங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கோட்டை இன்னும் கடக்கவில்லை என்பதே பொருள். திம்பிள் 0-வைத் தாண்டியும் கோடு தெரியாமல் இருந்தால், அல்லது 45-இலேயே கோடு முழுதாகத் தெரிந்தால், முன்பு யாரோ திம்பிளைக் கழற்றி மாட்டியபோது அது ஸ்பிண்டிலில் தவறான இடத்தில் இறுகியிருக்கிறது.

டயல் கேஜில் ஒரு முழுச் சுற்று 1 மி.மீ. என்பதால், சுற்றெண்ணிக்கையைக் காட்டும் சிறு முள்ளைப் பார்க்காமல் விட்டால் சரியாக 1.00 மி.மீ. தவறும். டயல் காலிப்பரில் வேறொரு காரணமும் உண்டு: பல்சட்டத்தில் சிப் (உலோகச் சீவல்) சிக்கி, பற்சக்கரம் ஒரு பல் தாவிவிட்டால், தாடைகள் மூடியிருக்கும்போதே முள் சீரோவில் நிற்காது. டயல் வளையத்தைத் திருப்பிச் சமன் செய்தால் சிப் உள்ளேயே இருக்கும். பல்சட்டத்தை மென்தூரிகையால் சுத்தம் செய்து, முள்ளை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே முறை.

அறிகுறி: ஒரே இடத்தை அளந்தும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு

மைக்ரோமீட்டரில் இது பெரும்பாலும் அழுத்தத்தின் வேறுபாடு. ராட்செட்டின் (திம்பிளின் முனையில் சொடுக்கிச் சுழலும் பிடியின்) பணி அழுத்தத்தை 5 முதல் 10 நியூட்டன் என்ற எல்லைக்குள் வைப்பது. திம்பிளையே பிடித்து இறுக்குபவர் அந்த எல்லையை எளிதில் மீறுகிறார். ராட்செட்டைப் பயன்படுத்தியும் வேகமாகச் சுழற்றி ஜாப்பில் மோதவிட்டால் அந்த உந்தத்தால் அளவு குறைந்து காட்டும். முகம் தொட்ட பிறகு மெதுவாக மூன்று நான்கு சொடுக்குகள் போதும். சீரோ வைத்தபோது எப்படிச் சொடுக்கினோமோ அப்படியே ஜாப்பிலும் சொடுக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம். மெல்லிய சுவருள்ள குழாய்களில் சரியான அழுத்தமே கூட ஜாப்பை அமுக்கிவிடும். அங்கே குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்த மைக்ரோமீட்டர் தேவை.

அழுத்தம் சீராக இருந்தும் சிதறினால், ஸ்பிண்டிலை ஏறக்குறைய 10 மி.மீ. வெளியே திருகி, விரலால் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் திம்பிளுக்கு அடியில் உள்ள பிளவு நட்டைச் சாவியால் சிறிது சிறிதாக இறுக்கலாம். ஸ்பிண்டில் முழு வீச்சிலும் ஒரே இலகுவோடு சுழல வேண்டும். நடுவில் தளர்வாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால் அது முன்பு சொன்ன நடுத்தேய்மானம், நட்டை இறுக்கிப் பயனில்லை. நட்டைத் தொட்டபின் சீரோ மாறும் என்பதால் அதை மீண்டும் சரிபார்க்க வேண்டும். மரையில் கிரீஸ் போடுவதும் சிதறலுக்குக் காரணமாகும்; மெல்லிய கருவி எண்ணெய் ஒரு துளி போதும். பூட்டு நெம்புகோல் பாதி இறுகிய நிலையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு உண்மையிலேயே சுழிப்பிழைதான் என்று தெரிந்தால், ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டுத் திருத்தலாம். விலகல் 0.01 மி.மீ. அளவுக்குள் இருந்தால் கொக்கிச் சாவியால் ஸ்லீவைத் திருப்பினால் போதும். அதற்கு மேல் என்றால் ராட்செட்டைத் தளர்த்தி, திம்பிளை ஸ்பிண்டிலின் மேல் நகர்த்தி அருகில் கொண்டுவந்து இறுக்கிவிட்டு, எஞ்சியதை ஸ்லீவில் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: மெஷினில் சரியாக இருந்த அளவு, தரச் சோதனை அறையில் தவறுகிறது

வரைபடத்தில் எழுதப்படும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 1931-இல் பன்னாட்டு எடைகள் மற்றும் அளவைகள் குழு ஏற்ற இந்த வெப்பநிலையே இன்றும் ஐஎஸ்ஓ 1 தரநிலையில் இருக்கிறது. கோவையிலோ ஓசூரிலோ அம்பத்தூரிலோ மே மாத நண்பகலில் எந்த லேத்தும் 20 டிகிரியில் ஓடுவதில்லை. இருந்தாலும் ஸ்டீல் ஜாப்பை ஸ்டீல் கருவியால் அளக்கும்போது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம், ஏனென்றால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நீள்கின்றன. இந்தச் சமநிலை குலையும் இடங்கள் இரண்டு.

முதலாவது, ஜாப் மெஷினிலிருந்து சூடாக வரும் நிலை. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரானும், அலுமினியம் ஏறக்குறைய 23 மைக்ரானும் நீளும். 60 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய புஷ் (குழல் வடிவ உறுப்பு) ஒன்று 55 டிகிரியில் அளக்கப்பட்டு, பிறகு 30 டிகிரிக்கு ஆறினால் விட்டம் ஏறக்குறைய 0.035 மி.மீ. குறைந்துவிடும், அதே அளவு ஸ்டீல் ஜாப்பில் இது 0.017 மி.மீ. மெஷினில் மேல் எல்லையை ஒட்டிச் சரியாக இருந்த புஷ், சோதனை அறையில் கீழ் எல்லையைத் தாண்டியிருப்பதற்கு இதுவே போதுமான காரணம். தொட்டுப் பார்த்தால் கைக்குச் சூடு தெரிகிற ஜாப்பை இறுதி அளவுக்கு அளக்கவே கூடாது. கனமான ஜாப்பை வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட்டின் மேல், சோதனைக்குப் பயன்படுத்தும் ஸ்லிப் கேஜோடு சேர்த்து வைத்துவிட்டால், காற்றில் விடுவதைவிட விரைவில் இரண்டும் சமமாகும்.

இரண்டாவது, ஜாப்பும் கருவியும் வெவ்வேறு உலோகம். 35 டிகிரி வெப்பமுள்ள அறையில் இரண்டும் முழுதாகச் சமமாகிவிட்டாலும், 100 மி.மீ. அலுமினிய ஜாப்பை ஸ்டீல் மைக்ரோமீட்டரால் அளந்தால், 20 டிகிரியில் கிடைக்க வேண்டியதைவிட ஏறக்குறைய 0.017 மி.மீ. கூடுதலாகக் காட்டும். இது கருவியின் குறையன்று, காத்திருந்தாலும் போகாது. கணக்கிட்டுக் கழிக்க வேண்டும், அல்லது அதே அலுமினியத்தில் செய்த, அளவு தெரிந்த ஒரு மாஸ்டரை வைத்து ஒப்பிட வேண்டும்.

25 மி.மீ.க்கு மேற்பட்ட மைக்ரோமீட்டர்களில் இன்னொரு கவனம் தேவை. சீரோ வைக்கும் செட்டிங் ராடை வெறும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் அது சூடேறும்: 100 மி.மீ. ராட் 5 டிகிரி கூடினாலே 6 மைக்ரான் நீள்கிறது. சட்டத்தின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தகடுகள் அழகுக்காக ஒட்டப்பட்டவை அல்ல. கைச்சூடு சட்டத்துக்குப் போகாமல் தடுப்பதற்காக உள்ளவை, அவை கழன்றுவிட்டால் மீண்டும் பொருத்த வேண்டும். மிகப் பெரிய மைக்ரோமீட்டர்களில் சட்டம் தன் எடையாலேயே சிறிது வளைவதால், எந்த நிலையில் பிடித்து அளக்கப் போகிறோமோ அதே நிலையில் பிடித்துத்தான் சீரோ வைக்க வேண்டும்.

அறிகுறி: காலிப்பரில் தாடையின் அடியில் ஓர் அளவு, நுனியில் வேறோர் அளவு

காலிப்பரின் அளவுகோல் ஒரு கோட்டிலும், அளக்கப்படும் பொருள் அதற்குச் சற்றுத் தள்ளி வேறொரு கோட்டிலும் இருக்கின்றன. இவை ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் வகுத்த விதியைக் காலிப்பர் தன் அமைப்பாலேயே மீறுகிறது. மைக்ரோமீட்டர் அதைக் கடைப்பிடிக்கிறது. ஆகவே நகரும் தாடையில் சிறிதளவு ஆட்டம் இருந்தாலும், நுனிக்குப் போகப் போக அந்தப் பிழை பெருகுகிறது. முதல் தீர்வு, ஜாப்பை முடிந்தவரை சட்டத்துக்கு அருகில் வைத்து அளப்பது. இரண்டாவது, ஸ்லைடரின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு திருகுகளை முழுதாக இறுக்கி, பின் ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, ஸ்லைடர் ஆட்டமில்லாமல் வழுக்கி நகரும் நிலைக்குக் கொண்டுவருவது.

அதன்பின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி எங்கும் தெரியாமலோ முழு நீளத்திலும் ஒரே மாதிரி மெல்லிய கோடாகவோ இருந்தால் நல்லது. நுனியில் மட்டும் ஒளி கசிந்தால் நுனிகள் தேய்ந்திருக்கின்றன. சுழலும் ஜாப்பின் மேல் காலிப்பரை வைத்து அளக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இது விரைவில் நேரும். அந்தப் பழக்கம் கைக்கும் ஆபத்து என்பதால் அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

சிறு துளைகளில் காலிப்பர் எப்போதும் குறைவாகக் காட்டுவதற்குப் பழுது காரணமன்று. உள்தாடைகளின் முனையில் ஒரு மெல்லிய தட்டைப் பகுதி உண்டு. இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று உரசிக் கடப்பதால் சிறிது இடைவெளியும் உண்டு. இவை துளையின் முழு விட்டத்தில் தொடாமல், அதற்குச் சற்றுக் குறைவான ஒரு நாணில் தொடுகின்றன. தட்டையும் இடைவெளியும் சேர்ந்து 0.5 மி.மீ. என்றால் 5 மி.மீ. துளை 4.975 மி.மீ. என்று தெரியும். துளை பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழை சுருங்கிவிடும். 10 மி.மீ.க்குக் குறைந்த துளைகளுக்கு, உள்ளே செருகிப் பார்க்கும் அளவு தெரிந்த உருளைகளான ‘பின் கேஜ்’ அல்லது ‘பிளக் கேஜ்’தான் நம்பத்தக்கது.

அறிகுறி: டிஜிட்டல் காலிப்பரில் எண்கள் துடிக்கின்றன, தாவுகின்றன, உறைகின்றன

எண்கள் எல்லாம் சேர்ந்து விட்டுவிட்டு மின்னினால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. எஸ்ஆர்44 என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரி ஏறக்குறைய கடைசி வரை 1.55 வோல்ட்டைத் தக்கவைக்கும். அதே அளவில் கிடைக்கும் எல்ஆர்44 என்ற ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குவதால் இந்தத் தொல்லை சீக்கிரமே தொடங்கும். பேட்டரி புதிதாக இருந்தும் எண்கள் தாவினால், சட்டத்தின் மேல் உள்ள அளவுகோல் பட்டையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் காலிப்பர்கள் மின்தேக்குதிறன் முறையில் இடத்தை அறிகின்றன. கூலன்ட், ஈரம், வியர்வை ஆகியவை பட்டைக்கும் ஸ்லைடருக்கும் நடுவே புகுந்தால் அந்த உணர்வு குழம்பிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, காயவிட்டு, மீண்டும் சீரோ வைத்துப் பார்க்கலாம். கூலன்ட் தெறிக்கும் இடத்தில் ஐபி67 (தூசியும் நீரும் புகாத) பாதுகாப்புள்ள கருவியை வாங்குவதே சிக்கனம். கருவியின் மேல் மின்பொறிப்பானால் எண் எழுதுவது உள்ளே உள்ள மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: டயல் கேஜின் முள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை

பிளஞ்சரை (ஜாப்பைத் தொட்டு மேலும் கீழும் நகரும் கம்பியை) விரலால் மெதுவாகத் தூக்கி விட வேண்டும். முள் தயங்கித் திரும்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிடிப்பானை: 8 மி.மீ. தண்டைத் திருகால் ஒரே புள்ளியில் நெருக்கி இறுக்கியிருந்தால் தண்டு நெளிந்து பிளஞ்சரைக் கவ்வும். திருகைத் தளர்த்தியதும் முள் இலகுவானால் பிளவுள்ள புஷ் வைத்துப் பிடிக்க வேண்டும். தளர்த்தியும் தயங்கினால் பிளஞ்சரில் அழுக்கு படிந்திருக்கிறது. இங்கே எண்ணெய் விடுவதுதான் மிகப் பரவலான தவறு; எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கி, சில வாரங்களில் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தே விட வேண்டும்.

கேஜ் இலகுவாக இருந்தும் முள் இடம் மாறினால் கோளாறு ஸ்டாண்டில் இருக்கும். கேஜை ஜாப்பில் படியவைத்து, ஸ்டாண்டின் கையை விரலால் லேசாகத் தள்ளிவிட வேண்டும். முள் அசைந்து அதே கோட்டுக்கு வராவிட்டால் ஏதோ ஓர் இணைப்பு தளர்வாக இருக்கிறது, அல்லது காந்த அடித்தளம் பெயின்ட்டின் மேலோ சிப்பின் மேலோ நிற்கிறது. கையைக் குட்டையாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். தொடுமுனை கழன்றிருக்கிறதா என்பதையும் விரலால் திருகிப் பார்க்க வேண்டும்.

முள் திரும்புகிறது, ஆனால் விலகலை மிகைப்படுத்துகிறது என்றால் சாய்வைப் பார்க்க வேண்டும். பிளஞ்சர் பரப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஏறக்குறைய 1.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். லீவர் வகை டயலில் இது இன்னும் கூர்மையானது: அதன் தொடுஊசி பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும், 30 டிகிரி சாய்ந்திருந்தால் டயல் காட்டும் 0.20 மி.மீ. உண்மையில் 0.17 மி.மீ.தான். இணையாக வைக்கவே இடமில்லாதபோது கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கிக்கொள்ளலாம்.

போர் கேஜில் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருவதற்கு ஆட்டும் முறையே பெரும்பாலும் காரணம். கேஜைத் துளையின் அச்சுத் தளத்தில் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, முள் ஒரு திசையில் போய்த் திரும்பும் புள்ளியை, அதாவது மிகக் குறைந்த விட்டத்தை, வாசிக்க வேண்டும். செட்டிங் ரிங்கில் சீரோ வைக்கும்போதும் அதே ஆட்டம், அதே திரும்பு புள்ளி.

அறிகுறி: எல்லாத் திசையிலும் ஒரே விட்டம், ஆனால் ஜாப் துளைக்குள் போகவில்லை

சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (மையத்தில் பிடிக்காமல் சக்கரங்களுக்கிடையே உருட்டித் தேய்க்கும் முறையில்) செய்த பின்களிலும், மூன்று தாடைச் சக்கில் பிடித்து முடித்த மெல்லிய புஷ்களின் துளைகளிலும் இது நேர்கிறது. மைக்ரோமீட்டரைத் திருப்பித் திருப்பி அளந்தாலும் ஒரே எண் வருகிறது. ரிங் கேஜ் (அளவு தெரிந்த சோதனை வளையம்) மட்டும் ஏற மறுக்கிறது. கருவியின் மேல் பழி விழுவது வழக்கம். உண்மையில் ஜாப் வட்டமாக இல்லை. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் மேடுகள் கொண்ட வடிவத்தில், ஒரு மேட்டுக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு பள்ளம் அமைகிறது. ஆகவே எதிரெதிராக இரண்டு புள்ளிகளில் தொடும் எந்தக் கருவிக்கும் அந்த வடிவம் வட்டமாகவே தோன்றும். மைக்ரோமீட்டர், காலிப்பர், இரண்டு புள்ளி போர் கேஜ் எல்லாமே இதில் அடங்கும்.

சோதிக்கும் வழி எளிது. பின்னை 90 டிகிரி வீ பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள கட்டையில்) வைத்து, மேலே டயல் கேஜை நிறுத்தி, பின்னைக் கையால் ஒரு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். மூன்று மேடுகளானாலும் ஐந்து மேடுகளானாலும் இந்த அமைப்பில் முள் உண்மையான வட்ட விலகலைப் போல் இரண்டு மடங்கு நகரும், முள் 0.02 மி.மீ. ஆடினால் விலகல் 0.01 மி.மீ. என்று கொள்ளலாம். 60 டிகிரி வீ பிளாக் மூன்று மேட்டு வடிவத்தை மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்டும், ஆனால் ஐந்து மேட்டு வடிவத்தை அறவே காட்டாது. ஏழு மேட்டு வடிவமோ இந்த இரண்டு பிளாக்குகளிலுமே தெரியாது. ஆகவே முள் ஆடவில்லை என்பதை மட்டும் வைத்து ஜாப் வட்டம் என்று முடிவு செய்யக்கூடாது. துளைகளுக்கு மூன்று புள்ளி உள்மைக்ரோமீட்டர் பொருத்தமானது. மேடுகள் உறுதியானால் திருத்தம் கருவியில் இல்லை: சென்டர்லெஸ் கிரைண்டரில் ஜாப்பின் மைய உயரத்தையும் தாங்கு தகட்டின் கோணத்தையும், லேத்தில் சக் இறுக்கும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இருவர் அளந்தால் இரண்டு அளவு

ஒரே கருவி, ஒரே ஜாப், ஒரே குறித்த இடம் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு ஒருவர் எழுதிய அளவை மற்றவர் பார்க்காமல் இருவரும் சில ஜாப்களைப் பலமுறை அளக்க வேண்டும். ஒருவருடைய அளவுகள் தமக்குள் நெருக்கமாக இருந்து, இருவருக்கிடையே மட்டும் நிலையான இடைவெளி தெரிந்தால், அழுத்தத்திலோ வாசிக்கும் கோணத்திலோ இருவருக்கும் முறை வேறுபடுகிறது. ஒன்றாக நிறுத்திப் பழக்கினால் தீரும். இருவருடைய அளவுகளும் தனித்தனியே சிதறினால் அந்த டாலரன்ஸுக்கு (அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாட்டுக்கு) அந்தக் கருவி போதாது. மொத்தம் 0.02 மி.மீ. டாலரன்ஸ் உள்ள ஜாப்பை 0.02 மி.மீ. மீச்சிற்றளவு வெர்னியரால் தீர்ப்பது எந்த ஆபரேட்டராலும் முடியாத காரியம். அதற்காக அவரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

பழுது உறுதியான பின்

கருவியைச் சரிசெய்து மீண்டும் அலமாரியில் வைப்பதோடு வேலை முடிவதில்லை. அது கடைசியாகச் சரியாக இருந்தது எப்போது என்று தெரிய வேண்டும். அளவுத்திருத்தச் சான்றிதழில் உள்ள தேதி, அன்று அது சரியாக இருந்ததை மட்டுமே சொல்லும். நேற்று அது கீழே விழுந்ததைச் சொல்லாது. ஷிப்டின் தொடக்கத்தில் ஒரு ஸ்லிப் கேஜையோ மாஸ்டரையோ அளந்து பதிவேட்டில் எழுதும் பழக்கம் உள்ள பட்டறையில் சந்தேகத்துக்குரிய காலம் ஒரு ஷிப்டாகச் சுருங்கும். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் அது சான்றிதழ் தேதி வரை நீளும். அந்தக் காலத்தில் அந்தக் கருவியால் தேறிய ஜாப்களைத் தனியே ஒதுக்கி, சிவப்பு அட்டை கட்டி, வேறு கருவியால் மீண்டும் அளக்க வேண்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்டவை இருந்தால், பிழையின் அளவையும் திசையையும் குறிப்பிட்டு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். திசை தெரிந்தால் அவர்கள் எல்லா ஜாப்களையும் பிரிக்காமல், மேல் எல்லையையோ கீழ் எல்லையையோ ஒட்டியவற்றை மட்டும் சோதித்தால் போதும்.